கரண்ட் கணக்குக் கருவி: எது நமக்கு ஆகும்?



2022 ஆகஸ்ட், 2023 பெப்ரவரி இலங்கை மின் கட்டண உயர்வுகளுக்குப் பிறகு, மின்சாரத்தை அளக்கும் கருவி எது நல்லது என்று எங்கள் மடுல்சீமைத் தோட்டப் பக்கமும் விசாரிக்கிறார்கள். மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கட்டண வீதம் மாறிவிடுகிறதே, பயம் நியாயம்தான்.

வைஃபை கேட்கும் கருவி தோட்ட லயத்து வீட்டுக்குச் சரிவராது. இணையத்துக்குப் போடும் ரீலோட் காசு கருவிக்கே போய்விடும். மெயின் வயரில் மாட்டும் கருவிக்குக் கட்டாயம் எலக்ட்ரீஷியன் வேண்டும். பிளக்கில் செருகி, திரையில் வாட் பார்க்கும் சிறிய மீட்டரே போதும். 13 அம்பியர் தாங்குமா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். எது எவ்வளவு இழுக்கிறது என்று அதில் தெரியும்: 2000 வாட் கேத்தல் தினம் அரை மணி நேரம் கொதித்தால் மாதம் 30 அலகு.

அந்தச் சிறிய மீட்டரையும் நாலு வீட்டார் சேர்ந்து வாங்கி மாற்றி மாற்றிப் பாவிக்கலாம். எதுவும் வாங்காமலும் கணக்குப் பார்க்கலாம்: மின்சார சபை மாட்டிய டிஜிட்டல் மீட்டரில் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது. பக்கத்தில் 1600 என்றிருந்தால், 1600 சிமிட்டலுக்கு ஓர் அலகு. இந்த விளக்கத்தைப் பில்லின் பின்புறம் தமிழில் அச்சிட்டுத் தருமாறு மின்சார சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர்,
மடுல்சீமை.