வழு காட்டும் மொழி

கணினிக்குச் செய்நிரல் எழுதப் பழகும் மாணவமணிகள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் வினா, "எந்த மொழியை முதலிற் பயில்வது?" என்பதாம். விரைவானது எது, உத்தியோகம் தருவது எது என்றே பெரும்பாலோர் ஆராய்கின்றனர். எழுதியது பிழைத்தபோது அப்பிழையை எந்த மொழி எவ்வாறு காட்டும் என்று கேட்போர் மிகச் சிலரே. அருகில் ஆசிரியரின்றி, முல்லைத்தீவிலோ மாங்குளத்திலோ வீட்டிலிருந்து தனியே பயிலும் மாணவனுக்கு அதுவே முதல் வினாவாதல் வேண்டும் என்பது நம் துணிபு.

நன்னூல் கற்றோர்க்கு "வழு" என்பது புதிய சொல்லன்று. திணை முதல் மரபு ஈறாக எழுவகை வழுக்களை அவர்கள் அறிவர். செய்நிரலில் இலக்கண வழு நேர்ந்தாற் கணினியே ஏற்க மறுத்துவிடும். இலக்கணம் பிழையாது பொருள் பிழைத்த வழுவே நம்மை இரவெல்லாம் விழித்திருக்கச் செய்வது.

இரணைமடு வாய்க்கால் நீர் கடைசி வயலுக்கு எட்டாவிடின் கமக்காரர் என்ன செய்கிறார்? வாய்க்கால் வழியே நடந்து, இடையிடையே நின்று, நீர் எவ்வளவு வருகிறதெனப் பார்க்கிறார். வழுநீக்கி என்னும் கருவியும் அதையே செய்கின்றது. நாம் குறித்த வரியிற் செய்நிரலை நிறுத்தி, அக்கணத்தில் ஒவ்வொரு மாறியிலும் உள்ள பெறுமானத்தைக் காட்டுகின்றது.

பத்து வயல்களின் விளைச்சலை ஓர் அணியிலிட்டுக் கூட்டுவதாகக் கொள்வோம். சுட்டிகள் பூச்சியம் முதல் ஒன்பது வரை. கவனமின்றிப் பத்தாம் சுட்டியையும் கேட்டுவிட்டோமாயின், பைதன் அங்கேயே நின்று, வரியெண்ணையும் வழுவின் பெயரையும் கூறும். சி மொழியோ பெரும்பாலும் வாய் திறவாது; அடுத்த நினைவிடத்திற் கிடந்த ஏதோவோர் எண்ணையும் சேர்த்துக் கூட்டிவிடும். விடை வரும், தவறான விடை! பாஸ்கலில் இதற்கான எல்லைச் சோதனை உண்டு. ஆயினும் டர்போ பாஸ்கலில் அதனை நாமே இயக்கிவிடல் வேண்டும். அந்த டர்போ பாஸ்கல் 1983இல் வெளிவந்தது. 1988இல் அதன் ஐந்தாம் பதிப்பு, எழுதும் திரையிலேயே வழுநீக்கியையும் சேர்த்துத் தந்தது.

சி மொழிக்கும் ஜி.டி.பி. என்னும் வலிய வழுநீக்கி 1986 முதல் உண்டு. அதனை ஆளத் தனிப்பயிற்சி வேண்டும். கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள பொறியியற் பீடத்திற்குச் செல்வோர் சி மொழியைத் தவிர்க்கவும் இயலாது. ஆர்டுயினோ ஊனோ போன்ற சிறு பலகையில் இயங்கும்போது பயன்படும் நினைவகம் இரண்டு கிலோபைட்டே. அங்கே பைதனுக்கு இடமேது?

உயர்தரப் பாடத்திற் பைதனைக் காணும் நம் மாணவர் அதையே முதலிற் கைக்கொள்வது நன்று. ஒரு குறை: வழுச் செய்திகள் ஆங்கிலத்தில் வருகின்றன. (முத்தையா அண்ணாமலை ஆக்கிய "எழில்" தமிழிலேயே செய்நிரல் எழுத இடந்தருகின்றது, ஆயினும் பரீட்சைக்கு அது உதவாது.) செய்தி நீளமாயிருப்பினும் அஞ்ச வேண்டாம், கடைசி வரியை முதலிற் படியுங்கள், வழுவின் பெயர் அங்கேதான் இருக்கும். சந்தேகமான வரிக்கு மேலே "பிரேக்பாயின்ட்" என்னும் கட்டளையை அடைப்புக்குறிகளுடன் ஆங்கில எழுத்தில் இடுங்கள். 2018இல் வந்த 3.7ஆம் பதிப்பு முதல் இவ்வசதி உண்டு. செய்நிரல் அவ்விடத்தில் நிற்கும். பின்னர் "பி" என்னும் எழுத்துடன் மாறியின் பெயரை இட்டாற் பெறுமானம் தெரியும், "என்" அடுத்த வரிக்கு நகர்த்தும், "கியூ" வெளியேற்றும்.