ஏழு புள்ளிக்குள் தோற்றவன்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். "தமிழ் தலைவாஸ் கபடி டீம் பத்தி எழுதுறேன்" என்றேன். ஹாஸ்டலே சிரித்தது. "ஜெயிக்கிற டீமா பாத்து எழுதுடா, மலர்ல போடுறதுக்காவது நல்லாருக்கும்!" என்றான் பக்கத்துக் கட்டில்காரன். அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

நான் கல்வராயன் மலைக்காரன். கச்சிராயபாளையம் வழியாக மேலே ஏறி, வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி இன்னும் உள்ளே நடக்க வேண்டும். அப்பா மரவள்ளியும் சாமையும் போடுகிறார். எங்கள் வீட்டில் படிப்பு என்று மலையை விட்டு இறங்கிய முதல் ஆள் நான்தான். எங்கள் ஊரில் கிரிக்கெட் மட்டை வாங்க யாரிடமும் காசு கிடையாது. கபடிக்கு என்ன வேண்டும்? சாம்பலால் நாலு கோடு, மார்பில் கொஞ்சம் மூச்சு, சரிவில்லாத ஒரு துண்டு நிலம். மலையில் அந்தக் கடைசிச் சாமான்தான் கிடைப்பது கஷ்டம்!

2017-ல் புரோ கபடி லீக்கின் ஐந்தாவது சீசனில் தமிழ் தலைவாஸ் அணி புதிதாக வந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. டீக்கடை டிவியில் அஜய் தாக்கூர் ரெய்டு போவதைப் பார்த்தேன். 'நாம் புழுதியில் ஆடும் ஆட்டத்தையா இத்தனை விளக்குப் போட்டுக் காட்டுகிறார்கள்!' என்று வாய் பிளந்து நின்றேன். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

அந்த வருடம் தலைவாஸ் தன் பிரிவில் கடைசி. 2018-ல் முதல் ஆட்டமே சென்னையில். முந்தின சீசன் சாம்பியன் பாட்னாவை 42-26 என்று புரட்டி எடுத்தார்கள். 'இந்த வருஷம் கப்பு நமக்குத்தான்' என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தேன். முடிவில் பிரிவில் மறுபடியும் கடைசி! 2019-ல் 12 அணிகளில் 12-வது. 2021-22-ல் 11-வது. "ஒரு இடம் முன்னேறிட்டோம்ல?" என்று சொல்லி அதற்கும் திட்டு வாங்கினேன்.

2022-ல் 2 கோடியே 26 லட்சம் கொடுத்து பவன் ஷெராவத்தை எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடி. சீசன் போச்சு என்று எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். நான் போகவில்லை. நரேந்தர் என்ற புதுப் பையன் அந்த ஒரே சீசனில் 243 ரெய்டு புள்ளி எடுத்தான். எலிமினேட்டரில் உ.பி. அணியுடன் 36-36 சமன். டை பிரேக்கரில் வெற்றி! அரையிறுதியில் புனேவிடம் 37-39. வெறும் இரண்டே புள்ளி. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. "எவனோ தோத்ததுக்கு நீ ஏண்டா பட்டினி கெடக்கற?" என்று அம்மா கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

நண்பர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "அஜய் தாக்கூர் இமாச்சல், நரேந்தர் ஹரியானா. உன் 'தமிழ்' டீம்ல தமிழன் எத்தனை பேருடா?" நியாயமான கேள்வி. எனக்கும் அந்தக் குறை உண்டு. சேலம் மாவட்டத்துப் பிரபஞ்சன் 2017-ல் இதே அணிக்கு ஆடியவர்தான். ஆனால் அப்படிப்பட்டவர்களின் எண்ணிக்கை போதாது. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் இருந்தவர். 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற பெண்கள் அணியில் கண்ணகி நகர் கார்த்திகா. ஆண்கள் அணியில் திருவாரூர் மாவட்டம் வடுவூரின் அபினேஷ். நம் மண்ணில் ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். சென்னை சூப்பர் கிங்ஸில் எல்லாருமா மயிலாப்பூர்க்காரர்கள்? ஐந்து கோப்பை வாங்கியதால் அங்கே யாரும் ஊர் விசாரிப்பதில்லை. தோற்றவனிடம்தான் நாம் ஊர், பேர், குலம், கோத்திரமெல்லாம் கேட்கிறோம்!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

புரோ கபடியில் ஒரு அருமையான விதி இருந்தது. ஜெயித்தால் 5 புள்ளி, சமன் என்றால் 3. தோற்றால்? ஏழு அல்லது அதற்குக் குறைந்த புள்ளி வித்தியாசத்தில் தோற்றால் 1 புள்ளி உண்டு. கடைசி நிமிடத்தில் ஜெயிக்க வழியே இல்லாதபோதும் அந்த ஒன்றுக்காக எங்கள் ஆட்கள் உயிரைக் கொடுத்துப் பிடிப்பார்கள். 2025-ல் 12-வது சீசனில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். ஜெயித்தால் 2, தோற்றால் சைபர். கணக்கு சுலபம், பார்ப்பவனுக்குப் புரியும், உண்மைதான். ஜெயிக்க முயலாமல் வித்தியாசத்தை மட்டும் குறைத்துக்கொண்டு ஆடுகிறார்கள் என்ற குறையும் தீரும். இருந்தாலும் என் ஓட்டு பழைய விதிக்குத்தான். ஏனென்று சொல்கிறேன்.

என்னோடு மலையிலிருந்து ஒருவன் இங்கே சேர்ந்தான். ஒரே பஸ்ஸில், ஒரே மாதிரி தகரப் பெட்டியோடு வந்தோம். முதல் செமஸ்டரில் இரண்டு பேருக்கும் கணக்கில் அரியர். அவனுக்கு நாலு மார்க்கில் போச்சு. எனக்கு அதைவிட மோசம்! "மலையில இருந்து வந்தா இப்படித்தான்" என்று யாரோ சொன்னது அவன் காதில் விழுந்தது. பொங்கல் லீவுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. கேரளாவில் மரம் வெட்டும் வேலைக்குப் போய்விட்டான். நான் மறுபடி எழுதிப் பாஸ் செய்தேன். நான் கெட்டிக்காரன் என்பதால் அல்ல. வருடாவருடம் தோற்கிற அணியை விடாமல் பார்த்துப் பார்த்து, தோல்வி என்பது அடுத்த ஆட்டத்துக்கு முந்தின ஆட்டம் என்று எனக்குப் பழகிப் போயிருந்தது. அவ்வளவுதான்.

நாலு மார்க்கில் தோற்றவன் ஏழு புள்ளிக்குள் தோற்றவன்தானே? அவனுக்கு யாராவது அந்த ஒரு புள்ளியைக் கொடுத்திருக்க வேண்டாமா? பரீட்சையில் அந்த விதி இல்லை, இருக்கவும் முடியாது. ஆனால் ஹாஸ்டல் ரூமில் இருக்கலாமே! "பக்கத்துல வந்துட்டடா, வா, உக்காந்து போடலாம்" என்று ஒரு சீனியர் சொல்லியிருந்தால் அவன் இன்று என் பக்கத்து பெஞ்சில் இருந்திருப்பான். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. நானும் அன்று சொல்லவில்லை.

ஆகவே மாணவர் பேரவைக்கு இரண்டு கோரிக்கை. ஒன்று, ரிசல்ட் வந்த அன்றே அரியர் வைத்தவர்களின் பெயரை வாங்கி, ஒவ்வொருவருக்கும் ஒரு சீனியரைத் துணைக்கு நிறுத்துங்கள். காசு செலவு இல்லை. இரண்டு, மைதானத்தின் மூலையில் 13-க்கு 10 மீட்டரில் ஒரு கபடிக் களம் போட இடம் கொடுங்கள். மண் கொத்த நாங்கள் வருகிறோம்.

2025 சீசனிலும் தலைவாஸ் முதல் எட்டு இடத்துக்குள் வரவில்லை. கோப்பை இன்றுவரை கையில் இல்லை. அடுத்த சீசனிலும் ஹாஸ்டலில் ஒரே ஒரு போனைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். சிரிக்க நினைப்பவர்களும் வரலாம், இடம் இருக்கிறது.

என் நண்பன் இதைப் படிப்பானா தெரியாது. படித்தால், டேய், உன் பெட்டி இன்னும் என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கு. வந்து எடுத்துக்க. இல்லேன்னா வந்து பக்கத்துல உக்காரு.

— இரண்டாமாண்டு மாணவன்,
மெக்கானிக்கல் துறை