கடலூர் அரசு அருங்காட்சியகத்தை வலுப்படுத்தவும் வட்டார வரலாற்று ஆய்விதழ் தொடங்கவும் கோரும் மனு

அனுப்புநர்
கடலூர், சிதம்பரம் வட்டார வரலாற்று ஆர்வலர்கள் சங்கத்தினர்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், கடலூர்.
இயக்குநர் அவர்கள், அருங்காட்சியகங்கள் துறை, எழும்பூர், சென்னை.

நகல்: பதிவாளர் அவர்கள், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், அண்ணாமலைநகர்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கடலூரில் 1989 முதல் அரசு அருங்காட்சியகம் இயங்கி வருகிறது. இம்மாவட்டத்தின் தொல்பொருள்களுக்கு அதுவே வீடு. அங்குள்ள ஒவ்வொரு பொருளைப் பற்றியும் தெரிந்ததை ஆண்டுதோறும் தமிழில் அச்சேற்றும் ஆய்விதழ் ஒன்றை அந்த அருங்காட்சியகம் வெளியிட வேண்டும் என்பதே எங்கள் முதன்மைக் கோரிக்கை.

ஏன் இதழ் என்பதற்கு ஒரு காரணம் போதும். கடைக்கால் தோண்டும்போது செப்புத் திருமேனியோ காசுக் குவியலோ கிடைத்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அது அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் வட்டாட்சியரும் நேரில் பார்த்து அறிக்கை எழுதுகிறார்கள். எந்தப் புல எண், எத்தனை அடி ஆழம், உடன் கிடைத்தவை என்ன என்ற விவரங்கள் அதில்தான் இருக்கும். பொருள் கண்ணாடிப் பேழைக்குள் போய்விடும். அறிக்கையோ அலுவலகக் கோப்போடு நின்றுவிடக் கூடியது. இடம் தெரியாத சிலையை அழகுக்காகப் பார்க்கலாம்; அதைக் கொண்டு ஊரின் வரலாற்றை எழுத முடியாது. எனவே வட்டாட்சியர் அறிக்கையின் நகல் பொருளோடு சேர்த்தே அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்பட ஆட்சியர் அவர்கள் சுற்றறிக்கை பிறப்பிக்க வேண்டும். அந்த விவரம், அளவு, நிழற்படத்துடன் அடுத்த இதழிலேயே வெளிவர வேண்டும்.

எழுதுவதற்குச் செய்திப் பஞ்சம் இம்மாவட்டத்தில் இல்லை. தேவனாம்பட்டினத்தில் கெடிலம் கடலில் சேரும் இடத்தருகே நின்ற புனித டேவிட் கோட்டையை 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடமிருந்து வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம்வரை உள்ள நிலமும் கம்பெனிக்கே என்பது பேச்சு. அப்படிச் சேர்ந்த ஊர்களைக் குண்டுக் கிராமங்கள் என்றார்கள். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது தென்னிந்தியாவில் கம்பெனியின் தலைமையிடம் இந்தக் கோட்டைதான். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை அதைப் பிடித்து இடித்தது. இது வெள்ளைக்காரர் ஆவணங்களில் நன்றாகவே பதிவாகியிருக்கிறது. குண்டு விழுந்த ஊர்களில் அன்று உழுதவர்கள், நெய்தவர்கள், வலை வீசியவர்கள் யார் என்ற பக்கத்தை உள்ளூர்ப் பத்திரங்களையும் குடும்ப ஏடுகளையும் தேடித்தான் எழுத வேண்டும். அதை எழுத வேண்டியவர்கள் நாம்.

ரோமானிய வணிகத் தொடர்பைக் காட்டும் பானையோடுகள் கிடைத்த காரைக்காடு, இன்று சிப்காட் ஆலைகளின் பக்கத்தில் இருக்கிறது. பண்ருட்டியை அடுத்த மருங்கூரில் மாநிலத் தொல்லியல் துறை 2024இல் அகழாய்வைத் தொடங்கியது. இவ்விரண்டு இடத்துப் பொருள்களில் சிலவற்றையாவது, இயலாவிடில் அச்சுப்படிகளையாவது, கடலூரிலேயே காட்சிக்கு வைக்குமாறு வேண்டுகிறோம். மருங்கூர்ப் பிள்ளைகள் தம் ஊர்ப் பானையைப் பார்க்கச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை.

இதழ் நடத்துவது புதிய வழியும் அன்று. சென்னை அருங்காட்சியகத்தில் எட்கர் தர்ஸ்டன் 1894இலேயே ஆய்வு வெளியீட்டைத் தொடங்கிவிட்டார். தஞ்சாவூரிலிருந்து தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் வெளியிட்டு வரும் ‘ஆவணம்’ இதழில் பேராசிரியர்களோடு பள்ளி ஆசிரியர்களும் தாங்கள் கண்ட கல்வெட்டுகளை எழுதுகிறார்கள். நமது இதழும் அப்படியே திறந்திருக்க வேண்டும். ஆனால் தரத்தில் விட்டுக்கொடுக்கலாகாது. கல்வெட்டு என்றால் மைப்படி எடுத்து, தெரிந்தவர்கள் வாசித்துச் சரிபார்த்த பிறகே அச்சேற வேண்டும்.

அந்தச் சரிபார்ப்புக்கு 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைவிடப் பொருத்தமான துணை வேறில்லை. அதன் வரலாற்றுத் துறையும் தமிழ்த் துறையும் இடம்பெறும் ஆசிரியர் குழு ஒன்றை அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். அச்சுச் செலவுக்கு ஆண்டு நிதி ஒதுக்கீட்டில் தனித் தலைப்பு வேண்டும். நன்கொடையை நம்பித் தொடங்கும் இதழ்கள் மூன்றாம் ஆண்டைத் தாண்டுவது அரிது.

சிதம்பரத்துக்கென அருங்காட்சியகத்தில் ஒரு தனிப் பிரிவும் வேண்டும். நடராசர் கோயில் கோபுர வாயில்களின் 108 கரணச் சிற்பங்கள் உலகம் அறிந்தவை. அவற்றோடு, 1916இல் சுவாமி சகஜானந்தா தொடங்கிய நந்தனார் பள்ளியின் வரலாறும், 1965 சனவரியில் மொழிப் போராட்டத்தில் சுடப்பட்டு உயிரிழந்த மாணவர் இராசேந்திரனின் நினைவும் அங்கே இடம்பெற வேண்டும். பரங்கிப்பேட்டையில் 1830களில் இயங்கிய இரும்பாலையையும் சேர்க்கலாம்.

கடைசியாக ஒன்று, இது அவசரமானது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் இக்கரையைத் தாக்கியது. 2015இல் பெருவெள்ளம் வந்தது. ஏடும் காகிதமும் ஒருமுறை நனைந்தால் போயிற்று. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, தரைமட்டத்துக்கு மேல் ஈரம் புகாத காப்பறை ஒன்றும், வீடுகளில் உள்ள சுவடிகளையும் பத்திரங்களையும் மின்படி எடுத்து உரியவரிடமே திருப்பித் தரும் ஏற்பாடும் செய்து தருமாறு வேண்டுகிறோம். வீடு வீடாகச் சென்று உரியவர்களிடம் பேசி அவற்றைக் கொண்டுவரும் பொறுப்பை எங்கள் உறுப்பினர்கள் ஏற்றுக்கொள்வார்கள். அதற்கு ஊதியம் எதிர்பார்க்கவில்லை.

இவை குறித்து நேரில் விளக்க, அருங்காட்சியகக் காப்பாட்சியரும் பல்கலைக்கழகப் பிரதிநிதியும் கலந்துகொள்ளும் கூட்டம் ஒன்றுக்கு நாள் குறித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தின் தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்