எத்தியோப்பியாவுக்கு 523, நமக்கு 123: இதில் சதி எங்கே?



இரண்டு நாளாக நம் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. யூனிகோடில் எத்தியோப்பிய எழுத்துக்கு 500க்கு மேல் இடமாம், செம்மொழித் தமிழுக்கு 100 சொச்சமாம், இது சதியாம். பகிர்ந்தவர்களில் பலர் என்னிடம் படித்தவர்கள். பேசாமல் இருக்க முடியவில்லை.

எண்ணிக்கை சரிதான். எத்தியோப்பிய எழுத்துக்கு 523, தமிழுக்கு 123. முடிவுதான் தவறு.

எத்தியோப்பியாவிலும் எரித்ரியாவிலும் வழங்கும் அந்த எழுத்தின் பெயர் கீஸ். அம்ஹாரிக், திக்ரின்யா மொழிகளை அதில்தான் எழுதுகிறார்கள். ஒவ்வொரு மெய்க்கும் ஏழு வடிவம். நாம் 'கா' எழுத க-வின் பக்கத்தில் ஒரு காலைப் போடுகிறோம். கீஸில் அப்படித் தனியாகப் பிரியும் கால் கிடையாது. லகரத்துக்கு இரண்டு கால் என்றால், 'லா'வுக்கு இடது கால் குட்டையாகும், 'லே'வுக்கு வலது காலில் வளையம் வரும். வேறு எழுத்தில் இந்த மாற்றமே வேறு மாதிரி இருக்கும். நம் கு, டு, மு, ரு உடம்போடு ஒட்டி ஆளுக்கொரு விதமாக மாறுகின்றன அல்லவா? ஏழு வரிசையும் அப்படி இருந்தால் எப்படியோ, அதுதான் கீஸ். அதனால் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். யாருக்கும் சலுகை காட்டவில்லை.

தமிழுக்கு, இந்திய அரசின் 1988 இஸ்கி முறையைப் பின்பற்றி, உயிர், அகரமேறிய மெய், கால், கொம்பு, புள்ளி என்று பிரித்து எண் தந்தார்கள். 'கொ' என்றால் இரண்டு எண். 247 எழுத்தில் எழுத முடியாதது ஒன்றாவது உண்டா? உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும் என்று வாதிடும் அறிஞர்கள் இருக்கிறார்கள். தாராளமாக வாதிடட்டும். அதற்கு எத்தியோப்பியனை ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும்?

என்னை அதிகம் வருத்தியது ஒரு பின்னூட்டம். "2021இல்கூட ஏதோ குராகேவாம், 28 எழுத்து கொடுத்திருக்கிறார்கள். எத்தனை பேர் எழுதப் போகிறான்?"

குராகே மக்கள் அடிஸ் அபாபாவுக்குத் தென்மேற்கே வாழ்கிறவர்கள். அவர்கள் மொழிகளில் அம்ஹாரிக்கில் இல்லாத ஒலிகள் உண்டு. கீஸ் 1999இல் யூனிகோடில் ஏறியபோது அவற்றுக்கான எழுத்துகள் எல்லாம் ஏறவில்லை. 2005இல் சில வந்தன, 2021இல் இந்த 28. எண் இல்லாத எழுத்தைக் கரும்பலகையில் எழுதலாம், கைபேசியில் அனுப்ப முடியாது. எதிரில் இருப்பவருக்கு வெறும் கட்டம்தான் தெரியும். ஆளுக்கொரு எழுத்துரு வைத்துக்கொண்டு, நாம் அனுப்பிய தமிழ்க் கடிதம் அடுத்த கணினியில் கிறுக்கலாகத் திறந்த காலத்தை மறந்துவிட்டீர்களா?

அதே 2021 பதிப்பில் உருகி வழியும் முகம் ஒன்றும் பொம்மையாக வந்தது. சிரிக்கும் சாணிக் குவியலுக்கு 2010லேயே எண் கிடைத்துவிட்டது. அவற்றுக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை. ஒரு பிள்ளை தாய்மொழியை எழுதத் தேவையான எழுத்துக்கு மட்டும் தலையெண்ணிக்கை கேட்கிறோம். பெரிய மொழிக்காரர்கள் நம்மைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

எண்களை வைத்து மொழியின் பெருமையை அளக்காதீர்கள். ஆங்கிலத்துக்கு 26 எழுத்துதான். அதற்காக அவர்கள் ஊர்வலம் போகவில்லை.

அந்தச் செய்தியைப் பகிர்ந்த ஒருவர், "தமிழன்டா" என்று அதன் மேல் எழுதியிருந்தார். ஆங்கில எழுத்தில்! குராகே பிள்ளைக்குக் கைபேசியில் எழுத்து வர 2021 ஆயிற்று. நமக்கு என்றைக்கோ வந்துவிட்டது. முதலில் அதில் எழுதுங்கள், பிறகு சதியைப் பற்றிப் பேசலாம்.