தடையறிந்து ஒளி பெறுக!



ஒன்பது வோல்ட்டு மின்கல அடுக்கில் சிறு சிவப்பு விளக்கொன்றை நேரே இணைத்தான் ஒரு மாணவன். நொடிப்பொழுது பளிச்சிட்டது, பின் என்றென்றைக்குமாக அவிந்தது. அவன் ஓம் விதியை அறியாதவனல்லன். ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் பிழையாமல் ஒப்பிக்க வல்லவன். 'தடையம் ஏன் இணைக்கவில்லை?' என வினவியபோதுதான் வாயடைத்து நின்றான். உருப்போட்ட சொற்கள் நாவில் இருந்தன; பொருள் கைக்கு வந்து சேரவில்லை.

அப்பொருளைத் தமிழிற் கூறிப் பாருங்கள். உந்துவது அழுத்தம், ஓடுவது ஓட்டம், ஓட்டத்தை மட்டுப்படுத்துவது தடை. அழுத்தத்தை ஓட்டத்தால் வகுக்கத் தடை கிடைக்கும். சொல்லே பொருளைக் காட்டுகின்றதன்றோ?

எல்.இ.டி. எனக் கடைத்தெருவில் வழங்கும் ஒளியுமிழ் இருமுனையம் ஓம் விதிக்கு அடங்குவதன்று. ஓர் எல்லையைக் கடந்தபின் அழுத்தம் சிறிதே மிகினும் ஓட்டம் பன்மடங்கு பெருகி அதனை எரித்துவிடும். ஆகலின், விதிக்கு அடங்கும் தடையம் ஒன்றைத் தொடராக இணைத்து அதனைக் காத்தல் வேண்டும். சிவப்பு விளக்கு ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தான் எடுத்துக்கொள்ளும். 9-இல் அதனைக் கழிக்க எஞ்சுவது 7. வேண்டிய ஓட்டம் 10 மில்லி ஆம்பியர், அதாவது 0.01 ஆம்பியர். 7-ஐ 0.01-ஆல் வகுக்க 700 ஓம். பொதுவாகக் கடைகளில் கிடைப்பன 680-உம் 820-உம் ஆகும். 820-ஐக் கொள்க; ஓட்டம் 8.5 மில்லி ஆம்பியராகச் சற்றே குறையும். விளக்கு நெடுநாள் வாழும். சாம்பல், சிவப்பு, பழுப்பு என்னும் நிற வளையங்கள் அதன் அடையாளம். அதில் வெப்பமாவது 0.06 வாட்டே, கால்வாட்டுத் தடையம் போதும். விளக்கின் நீண்ட கால் நேர்முனைப் பக்கம் இருத்தல் வேண்டும்.

வோல்ட்டு, ஆம்பியர், ஓம் என்பனவற்றை ஏன் தமிழாக்கவில்லை எனச் சிலர் நகைப்பர். அவை மாந்தர் பெயர்வழி வந்தவை. பெயரை ஒலிபெயர்ப்போம்; பொருளை மொழிபெயர்ப்போம். இதுவே நம் நெறி.

அவ்வோம் யார்? செருமனியின் எர்லாங்கன் நகரில் 1789-இல் பூட்டுத்தொழிலாளி ஒருவரின் மகனாய்ப் பிறந்தவர். கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியராய் இருந்தவர். தம் ஆய்வை 1827-இல் தாய்மொழியாகிய செருமானியத்திலேயே நூலாக்கினார். தம் நாட்டில் உடனே மதிப்புக் கிட்டவில்லை. ஆனால், 1841-இல் இலண்டன் அரசக் கழகம் அவருக்குக் கோப்ளே பதக்கம் வழங்கியது. அதே ஆண்டில் அந்நூல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. அவர் ஆங்கிலத்தைத் தேடிச் செல்லவில்லை. ஆங்கிலமே அவர் நூலைத் தேடி வந்தது. தாய்மொழியிற் சிந்தித்தால் உலகம் மதியாது என்பார் இதற்கு என்ன விடை கூறுவர்?

எனினும், பிறரைக் கடிந்துரைப்பதோடு அமையலாகாது. மின்தடையம் எனச் சொல்லாக்கி அகரமுதலியில் ஏற்றியவுடன் நம் பணி முடிந்ததோ? தமிழ்வழிப் பிள்ளையும் அச்சொல்லை உருப்போட்டு மதிப்பெண் பெறுவானேயன்றி, ஒரு தடையத்தையேனும் தொட்டுப் பார்த்தானா? கைபடாத சொல் துருப்பிடிக்கும். ஏட்டில் உறங்கும் தமிழால் ஒரு விளக்கும் எரியாது.

ஆகவே, அன்பர்காள்! ஒரு மின்கல அடுக்கு, ஒரு சிவப்பு விளக்கு, ஒரு தடையம் ஆகிய இம்மூன்றையும் வாங்கி நும் பிள்ளையின் கையிற் கொடுங்கள். இணைக்குமுன், எவ்வளவு தடை வேண்டும், ஏன் வேண்டும் எனத் தமிழிற் கணக்கிட்டுக் கூறச் செய்யுங்கள். அதன்பின் எரியும் அச்சிறு விளக்கு, நாம் மேடைதோறும் முழங்கும் முழக்கத்தினும் மிகுதியாகத் தமிழின் ஆற்றலை அவனுக்கு உணர்த்தும்.