மடியில் தொடங்கும் உரிமை

குழந்தைக்கு வாசிப்பில் ஆசை வர என்ன செய்யலாம்? எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: வீட்டில் புத்தகம் வையுங்கள், தூங்கும் முன் மடியில் வைத்துக் கதை வாசியுங்கள். நல்ல யோசனைதான். ஆனால் அதற்குப் புத்தகம் வேண்டும், எழுத்து தெரிந்த ஓர் ஆள் வேண்டும், அவருக்கு ஓய்வான பொழுது வேண்டும். இந்த மூன்றும் தலைமுறை தலைமுறையாக யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதைச் சாதிதான் முடிவு செய்தது.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வந்து பாருங்கள். மழை பொய்த்தால் காட்டில் வேலை இல்லை. சீமைக்கருவேலம் வெட்டவும் கரிமூட்டம் போடவும் விடியுமுன் கிளம்பிவிடுகிறார்கள். கையெல்லாம் முள் கீறி அந்தியில் திரும்பும் தாயிடம், "பிள்ளைக்குத் தினமும் வாசித்துக் காட்டுகிறீர்களா?" என்று கேட்டால் அது அறிவுரை அல்ல, குற்றச்சாட்டு. அதே பிள்ளை பின்னால் தடுமாறும்போது 'தகுதி இல்லை' என்பார்கள். மூன்று வயதில் கொடுக்காததைப் பதினெட்டு வயதில் கேட்பதற்குப் பெயர்தான் தகுதி.

அம்பேத்கரின் தந்தை ராம்ஜி, மகன் கேட்ட புத்தகத்தை வாங்கப் பணமில்லாதபோது, மணமாகிப் போன மகள்களிடம் கடன் கேட்பார். அவர்களுடைய நகையை வாங்கி அடகு வைப்பார். அந்தப் பாசத்தைப் பேசும் நாம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ராம்ஜி ராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். நிறுவனம் ஒன்று கதவைத் திறந்ததால்தான் அந்த வீட்டுக்குள் எழுத்து நுழைந்தது.

அந்தக் கதவைத் திறக்கும் பொறுப்பை அரசமைப்புச் சட்டம் அரசிடம் கொடுத்தது. பழைய 45ஆவது பிரிவு, 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்றது. அதைத் தொடக்கக் கல்வியோடு சுருக்கச் சொல்லி வந்த திருத்தத்தை 1948 நவம்பரில் அரசமைப்பு அவையில் அம்பேத்கர் ஏற்கவில்லை. 2002இல் வந்த 86ஆவது திருத்தமோ 6 முதல் 14 வயது வரை மட்டுமே அடிப்படை உரிமை என்றது. ஆறு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 'அரசு முயலும்' என்ற வாக்குறுதிதான் மிச்சம். காசுள்ள வீடு அந்த ஆறு ஆண்டுகளைத் தானே பார்த்துக்கொள்ளும். கரிமூட்ட வேலைக்குப் போகும் வீடு என்ன செய்யும்?

எங்கள் வீடுகளில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. என் மகளுக்கு இரண்டரை வயது. அவளுக்குப் படப் புத்தகம் காட்டுவது எழுத்து தெரியாத என் அம்மா. பக்கத்தில் ஆடு வந்தால் அது வெள்ளாடா செம்மறியா, எந்தக் கம்மாய்க்கரையில் மேய்ந்தது, யார் வீட்டுக் கொல்லையில் புகுந்து அடி வாங்கியது என்று கதை நீளும். "திரும்பச் சொல்லு அப்பத்தா" என்று அதே பக்கத்தைப் பிடித்துக்கொள்வாள் மகள். வாசிப்பின் மீது ஆசை பிறப்பது இப்படித்தான். மடியும் கதையும் எங்களிடம் உண்டு. இல்லாதது புத்தகம்தான்.

அதைக் கேட்டுப் பெற வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் படப் புத்தகங்கள் வேண்டும். பீரோவுக்குள் அல்ல, பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில். கிழிந்தால் கிழியட்டும், வேறு வாங்கலாம். இந்தியாவிலேயே முன்னோடியான நம் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், ரூபாய்க்குப் பத்துப் பைசா. அந்தக் காசில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் பங்கு உண்டு. அங்கன்வாடி ஊருக்குள் இருக்கிறதா, காலனிப் பிள்ளை கூசாமல் நடந்து போகும் இடத்தில் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

தோழர்களே, அடுத்த கிராம சபையில் சாலை, தண்ணீரோடு இதையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். அதுவரை வார இறுதியில் பத்துப் படப் புத்தகங்களோடு உங்கள் தெருத் திண்ணையில் உட்காருங்கள். பிள்ளைகளோடு அப்பத்தாக்களையும் கூப்பிடுங்கள்.