மெஷின் நின்றுவிட்டது, கரன்ட் நின்றதா? மெயின்டனன்ஸ் தொழிலாளிகளின் பாதுகாப்புப் பயிற்சியில் விடுபடுவது என்ன?

இரவு ஷிப்ட். கன்வேயர் பெல்ட்டில் ஏதோ சிக்கி லைன் நின்றுவிட்டது. ஃபிட்டர் ஸ்டாப் பட்டனை அழுத்திவிட்டு, கார்டைக் கழற்றி உள்ளே கையை விடுகிறார். இருபதடி தள்ளி நிற்கும் ஆபரேட்டருக்கு அவர் கண்ணில் படவில்லை. ‘லைன் நின்னு கெடக்கே’ என்று ஸ்டார்ட் பட்டனைத் தட்டுகிறார்.

இதில் யாரும் வேண்டுமென்றே தப்பு செய்யவில்லை. மெயின்டனன்ஸ் வேலையில் ஆபத்து இப்படித்தான் வருகிறது. மெஷின் ஓடும்போது அதைச் சுற்றி கார்டு, கதவு, சென்சார் எல்லாம் இருக்கும். பழுது பார்ப்பவரோ அவற்றைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். ஆபரேட்டரைக் காப்பாற்றும் ஏற்பாடு எதுவும் இவருக்கு உதவாது. ஆனால் பல ஆலைகளில் இருவருக்கும் ஒரே பயிற்சிதான்: ஹெல்மெட், ஷூ, தீயணைப்பான் பற்றி அரைமணி நேர பவர்பாயின்ட், கடைசியில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம் வந்தால் உறுதிமொழி, ஸ்லோகன் போட்டி. பரிசு வாங்கும் ஸ்லோகன் நன்றாகத்தான் இருக்கும். அது ஃபிட்டரின் கையைக் காப்பாற்றாது.

‘ஆஃப்’ என்றால் என்ன?

ஸ்டாப் பட்டன் பெரும்பாலும் கன்ட்ரோல் சர்க்யூட்டை மட்டும்தான் துண்டிக்கும். பேனல் வரை கரன்ட் வந்துகொண்டே இருக்கும். மெயின் பிரேக்கரையே ஆஃப் செய்தாலும் கதை முடியாது. மோட்டார் டிரைவுக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் சில நிமிடங்களுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். சிலிண்டரில் காற்றழுத்தம், குழாயில் நீராவி, அமுங்கிய ஸ்பிரிங்கின் விசை எல்லாம் அப்படியே இருக்கும். தூக்கிய நிலையில் நிற்கும் பிரஸ்ஸின் மேல்தலை விழுவதற்கு கரன்டே தேவையில்லை, அதன் எடை போதும்.

இதற்கான பதில்தான் ‘லாக் அவுட் – டேக் அவுட்’, ஷாப் ஃப்ளோர் பாஷையில் ‘லோட்டோ’. மெஷினுக்குச் சக்தி வரும் ஒவ்வொரு வழியையும் அடைத்து, வேலை செய்பவர் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய அட்டையை மாட்ட வேண்டும். சாவி அவர் பாக்கெட்டிலேயே இருக்கும். ஐந்து பேர் வேலை செய்தால் ஐந்து பூட்டு. உள்ளே தேங்கிய அழுத்தத்தை வெளியேற்றிய பிறகு, எல்லாரும் விலகி நிற்க, ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். மெஷின் அசையக் கூடாது. தவறான பிரேக்கரைப் பூட்டியிருந்தால் அதைக் காட்டிக்கொடுப்பது இந்தக் கடைசிப் படிதான். ‘அதான் பூட்டியாச்சே’ என்று எளிதில் விட்டுவிடும் படியும் இதுதான்.

அமெரிக்காவில் 1989-ல் வெளியான இதற்கான விதி ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பிரிக்கிறது. பூட்டுப் போடுபவருக்கு ஒரு பயிற்சி, அந்த மெஷினில் தினமும் வேலை செய்யும் ஆபரேட்டருக்கு வேறு பயிற்சி. மெஷின் மாறினால் மறுபடியும் பயிற்சி. வருடத்துக்கு ஒருமுறையாவது இந்த முறை நிஜமாகவே பின்பற்றப்படுகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

தாள் இருந்தும் 167 உயிர்கள்

1988 ஜூலை 6. ஸ்காட்லாந்துக்கு அப்பால் வட கடலில் இருந்த ‘பைப்பர் ஆல்ஃபா’ எண்ணெய் மேடை. பகலில் ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றினார்கள். வேலை முடியவில்லை. திறந்திருந்த இடத்தைத் தகடு வைத்து மூடிவிட்டு ஷிப்ட் மாறியது. இரவில் இன்னொரு பம்ப் நின்றுபோனது. கன்ட்ரோல் ரூமில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது, முதல் பம்ப்புக்கு ஒரு ஓவர்ஹால் பாக்கி, அது இன்னும் தொடங்கவில்லை என்பது மட்டுமே. வால்வு கழற்றியதைச் சொல்லும் பெர்மிட் தாள் அவர்கள் பார்வைக்கு வரவில்லை. பம்ப்பை ஓட்டினார்கள். வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள்.

அங்கே பெர்மிட் முறை இல்லாமல் இல்லை. அதைச் சரியாக நடத்தத் தேவையான பயிற்சிதான் தரப்படவில்லை என்று லார்ட் கல்லன் தலைமையிலான விசாரணை சொன்னது. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். குறுக்கு வழியையும் சேர்த்தே கற்றுக்கொண்டார்கள்.

இந்தியாவிலும் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஓடும் மெஷினை நெருங்கிச் சரிபார்ப்பவர் தனிப்பயிற்சி பெற்றவராக, இறுக்கமான உடை அணிந்தவராக, பெயர் பதிவேட்டில் உள்ளவராக இருக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-வது பிரிவு சொன்னது. போபாலுக்குப் பிறகு 1987-ல் செய்த திருத்தம், பாதுகாப்புப் பயிற்சி பெறுவதைத் தொழிலாளியின் உரிமையாகவே எழுதியது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்குப் புதிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறினாலும், பதிவேட்டில் இருக்கும் கையெழுத்தைப் பயிற்சி என்று ஏற்றுக்கொள்ளும் பழக்கம் மாறாதவரை பெரிய வித்தியாசம் இருக்காது.

நேரம் யாருடையது?

பூட்டு விலை சில நூறு ரூபாய். நிர்வாகத்துக்கு நிஜமாக வலிப்பது நேரம்தான். ஐந்து நிமிட அடைப்பை எடுக்க, பூட்டிச் சோதித்துத் திறக்க அரைமணி நேரம் ஆகலாம். அந்த அரைமணி நேரத்துக்குள் ‘எப்ப ரெடி ஆகும்?’ என்று நாலு போன் வரும். வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்திருந்தாலும், அந்த நாலாவது போன்தான் ஃபிட்டருக்கு உண்மையான பாடம். எனவே இந்தப் பயிற்சியில் முதல் வரிசையில் உட்கார வேண்டியவர்கள் புரொடக்‌ஷன் மேனேஜர்களும், வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாதமே பெர்மிட்டில் கையெழுத்துப் போடும் இளம் எஞ்சினீயர்களும்தான். மெஷினைப் பார்க்காமல் டேபிளில் இருந்தபடியே பெர்மிட் போடுவது அவர்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். உள்ளே இறங்குபவர் அந்தக் கையெழுத்தை நம்பித்தான் இறங்குகிறார்.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும்? வகுப்பறையில் அல்ல, அவர் கைவைக்கப் போகும் மெஷினின் பக்கத்தில். ‘இதுக்கு எங்கெல்லாமிருந்து பவர் வருது, காட்டுங்க’ என்று கேட்டு, ஃபிட்டரே தேடிக் காட்ட வேண்டும். பின்பக்கம் இருக்கும் ஏர் வால்வை அவர் விட்டுவிட்டால், அன்று அவருக்குப் பூட்டு கிடையாது. ஒடியாவோ இந்தியோ பேசுபவருக்குத் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிய டேக் வெறும் அட்டைதான்; அவருக்குப் புரிகிற மொழியில் சொல்லித்தர வேண்டும்.

இதிலெல்லாம் கடைசியில் நிற்பவர்கள் வருடாந்திர ஷட்டவுனுக்கு வரும் கான்ட்ராக்ட் ஆட்கள். பத்து நாள் வேலை, பழக்கமில்லாத ஆலை, பாய்லரும் டேங்கும் மாதிரி மோசமான இடங்கள். கேட்டில் பாஸ் போடும் நேரம்தான் அவர்களுக்குக் கிடைக்கும் பயிற்சி. நாற்பது ஆட்கள் கேட்டு கான்ட்ராக்டருக்குப் போகும் ஒர்க் ஆர்டரில், நாற்பது பூட்டுக்கும் ஒரு நாள் பயிற்சிக்கான கூலிக்கும் தனி வரி இருக்க வேண்டும். அந்த வரி இல்லாத ஆர்டரில் பர்ச்சேஸ் பிரிவு கையெழுத்துப் போடக் கூடாது.